சான்றிதழ் ஆயுள் 47 நாள் ஆகப்போகுது: சின்னத் தளங்களை வச்சிருக்கிறவங்க என்ன பண்றது?

#1 கொங்குதறி (கரூர்)

வணக்கம் நண்பர்களே. கரூர்ல வெப்சைட் போட்டுக் கொடுக்கிற தொழில். ஜவுளி ஏற்றுமதி கம்பெனிங்க, ரெண்டு மூணு பள்ளிக்கூடம், ஒரு கூட்டுறவுச் சங்கம், ஒரு குலதெய்வக் கோயில்னு நாற்பதுக்குப் பக்கமா தளங்கள் என் கையில. வருஷம் ஒருக்கா எஸ்எஸ்எல் சான்றிதழ் (இந்த முகவரி உரியவங்களோடதுதான்னு பிரவுசருக்குக் காட்டுறது) வாங்கிப் போட்டு, பில்லுல ஒரு வரியா சேர்த்துருவேன். இதுவரைக்கும் அப்படித்தான் ஓடிட்டிருந்துச்சு.

இப்ப சான்றிதழ் விக்கிற ரீசெல்லர்கிட்ட இருந்து மெயில். மார்ச் 15, 2026ல இருந்து கொடுக்கிற சான்றிதழ் எதுவும் 200 நாளுக்கு மேல செல்லாதாம். 2027 மார்ச் 15ல இருந்து 100 நாள். 2029 மார்ச் 15ல இருந்து 47 நாள். நாற்பது தளத்துக்கும் இப்படி மாத்திட்டே இருந்தா நான் வேற பொழப்பு பாக்க முடியாது.

ரெண்டு கேள்வி. இதை யார் முடிவு பண்றாங்க, எதுக்கு? அடுத்தது, எல்லாமே சிபேனல்ல (ஹோஸ்டிங்காரங்க கொடுக்கிற நிர்வாகப் பலகை) இருந்தா பரவாயில்ல. ஒரு கம்பெனி ஆபீஸுக்குள்ளயே விண்டோஸ் செர்வர் வச்சிருக்காங்க. இன்னொரு இடத்துல டொமைன் பாஸ்வேர்டு முதலாளியோட மச்சான்கிட்ட இருக்கு. இதையெல்லாம் எப்படிச் சமாளிக்கிறது?

#2 செர்வர்சாமி

இனிமே பால் பாக்கெட் மாதிரி தேதி பாத்துத்தான் சான்றிதழ் வாங்கணும் போல.

மச்சான்கிட்ட பாஸ்வேர்டு இருக்கிற கேஸ் எல்லா ஊர்லயும் உண்டு தல. எங்க ஊர்ல மச்சான் துபாய் போயிட்டார்.

#3 வேம்பன் (சென்னை)

முதல் கேள்வி. முடிவெடுத்தது சிஏ பிரவுசர் ஃபோரம். சான்றிதழ் வழங்கும் நிறுவனங்களும் பிரவுசர் தயாரிப்பவர்களும் சேர்ந்து விதி வகுக்கும் அமைப்பு. தீர்மானம் கொண்டுவந்தது ஆப்பிள். 2025 ஏப்ரலில் ஓட்டெடுப்பு நடந்தது. ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட், மொசில்லா நான்குமே ஆதரவு. சான்றிதழ் நிறுவனங்களில் சிலர் ஒதுங்கி நின்றார்கள். எதிர்த்து ஒரு ஓட்டுகூட விழவில்லை.

ஏன் விழவில்லை என்பதற்கு ஒரு முன்கதை உண்டு. 2019இல் ஆயுளை ஒரு வருஷமாகக் குறைக்க இதேபோல ஒரு தீர்மானம் வந்தது. அப்போது நிறுவனங்கள் சேர்ந்து தோற்கடித்தன. அடுத்த பிப்ரவரியில் ஆப்பிள் யாரையும் கேட்காமல், "செப்டம்பர் 1, 2020 முதல் வழங்கும் சான்றிதழுக்கு 398 நாளுக்கு மேல் ஆயுள் இருந்தால் எங்கள் கருவிகள் ஏற்காது" என்று அறிவித்துவிட்டது. ஐபோனில் திறக்காத தளத்துக்குச் சான்றிதழை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? ஃபோரத்தில் யார் கை ஓங்கியது என்று அன்றே தெரிந்துபோயிற்று. அதற்கு முன் 825 நாள், அதற்கும் முன் 39 மாதம், ஒரு காலத்தில் அஞ்சு வருஷம்.

எதற்கு என்ற கேள்விக்கு வருகிறேன். செர்வரில் இருக்கும் ரகசியச் சாவி திருடுபோனால் அந்தச் சான்றிதழை ரத்து செய்ய வேண்டும். ரத்து செய்ததை பிரவுசர் எப்படித் தெரிந்துகொள்ளும்? அங்கேதான் ஓட்டை. 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் வந்ததே, நினைவிருக்கிறதா? செர்வர்கள் மறைகுறியாக்கத்துக்குப் பயன்படுத்தும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் இருந்த பிழை. வெளியில் இருந்து யார் வேண்டுமானாலும் செர்வர் நினைவகத்தில் ஒரு தடவைக்கு 64 கிலோபைட் வரை உருவிக்கொள்ளலாம், அதில் சாவியும் அகப்படலாம். உலகம் முழுக்கச் சான்றிதழ்களை ரத்து செய்து புதிதாக வாங்கினார்கள். ஆனால் ரத்தானதா என்று கேட்கப் போன பிரவுசர், எதிர்ப்பக்கம் பதில் வராவிட்டால் "சரி, நல்லதாகவே இருக்கும்" என்று விட்டுவிடும். குரோம் அந்தக் கேள்வியை வழக்கமாகக் கேட்பதே இல்லை. இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் சேவையை 2025இல் மூடியேவிட்டது.

ஆக, ரத்து என்பது பேருக்குத்தான். நிச்சயமாக வேலை செய்வது காலாவதி தேதி ஒன்றுதான். அதைக் கிட்டக் கொண்டுவருகிறார்கள்.

#4 நெல்லைச்சீமை

வேம்பன் தம்பி சொன்னது புரிகிறது. ஆனால் எனக்கு ஒரு அடிப்படைச் சந்தேகம். நான் ஒரு தளம் வைத்திருக்கிறேன். தாமிரபரணிக் கரைக் கோயில்களின் கல்வெட்டுப் படங்களும் வாசகமும், அவ்வளவுதான். லாகின் கிடையாது, பணம் கட்டும் வழி கிடையாது, பின்னூட்டம்கூடக் கிடையாது. ஊரறிந்த கல்வெட்டை மறைகுறியாக்கம் செய்து யாரிடமிருந்து மறைக்கப் போகிறேன்?

இதனால் நஷ்டம் யாருக்கு என்றும் பாருங்கள். கிராமத்துப் பள்ளி வாத்தியார்கள் சிலர் பழைய போனில்தான் என் பக்கத்தைப் படிக்கிறார்கள். ஆண்ட்ராய்டு 4.4க்குக் கீழே போனால், இன்றைய மறைகுறியாக்க இணைப்புக்கு வேண்டிய டிஎல்எஸ் 1.2 தானாக வராது. பழைய 1.0, 1.1 இரண்டையும் 2020இல் பிரவுசர்கள் கைவிட்டன, செர்வர்களும் மூடிவிட்டன. ஓடிக்கொண்டிருக்கும் போன் ஒரு நாள் காலையில் 'பாதுகாப்பான இணைப்பு இல்லை' என்று நின்றுவிடுகிறது. பாதுகாப்பு என்ற பேரில் ஏழை வாசகனை வெளியே நிறுத்துகிறோம்.

#5 யாழ்மொழி

நெல்லைச்சீமை ஐயாவுக்கு மரியாதையோடு ஒரு மறுப்பு. மறைப்பதைப் பற்றி மட்டும் நாங்கள் கதைக்கவில்லை. நீங்கள் அனுப்பிய பக்கம் வழியில் மாறாமல் வாசகரிடம் போய்ச் சேர்கிறதா என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி.

2015இல் இந்தியாவில் ஒரு பெரிய மொபைல் நிறுவனத்தின் 3ஜி இணைப்பில் பக்கங்களைப் பார்த்த பெங்களூர்க்காரர் ஒருவர், தான் எழுதாத ஸ்கிரிப்ட் ஒன்று தன் சொந்தத் தளத்துக்குள் செருகப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்தார். அதை வெளியிட்டதற்கு அவருக்கு வக்கீல் நோட்டீஸ் வந்ததுதான் மிச்சம். அவருடையதும் வெறும் வாசிப்புத் தளம்தான்.

அதே ஆண்டு மார்ச்சில் நடந்தது இன்னும் மோசம். சீனத் தேடுபொறியான பைடுவின் ஸ்கிரிப்ட் (பிரவுசரில் ஓடும் நிரல்) வெறும் எச்டிடிபியில், அதாவது மறைகுறியாக்கம் இல்லாத வழியில், போய்க்கொண்டிருந்தது. சீன எல்லையைத் தாண்டும் இடத்தில் அதை மாற்றி, படிக்கிறவர்களின் பிரவுசர்களையே நிரல் பகிரும் தளமான கிட்ஹப் மீது தாக்குதல் நடத்த வைத்தார்கள். தாங்கள் ஒரு போரில் இருக்கிறோம் என்று அந்த வாசகர்களுக்குத் தெரியவே தெரியாது. மறைகுறியாக்கிய வழியான எச்டிடிபிஎஸ் இருந்திருந்தால் இடையில் கைவைக்க முடியாது.

பழைய போன் விஷயத்தில் ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது, மறுக்க மாட்டேன். லெட்ஸ் என்க்ரிப்டுக்கே அந்தத் தலைவலி இருந்தது. அவர்கள் ஆரம்பத்தில் சாய்ந்து நின்ற பழைய ரூட் சான்றிதழ் (மற்றச் சான்றிதழ்களுக்கு மூலமாகக் கருவிகள் நம்புவது) 2021 செப்டம்பர் 30இல் காலாவதியானது. ஆண்ட்ராய்டு 7.1.1க்கு முந்திய போன்களுக்கு லெட்ஸ் என்க்ரிப்டின் புது ரூட் தெரியாது. என்ன செய்தார்கள் தெரியுமா? ஆண்ட்ராய்டு தன்னிடம் இருக்கும் ரூட்டின் காலாவதி தேதியைப் பார்ப்பதில்லை என்பதைப் பிடித்துக்கொண்டு, சாகப்போகிற அந்த ரூட்டிடமே முன்கூட்டியே கையெழுத்து வாங்கி இன்னும் மூன்று வருஷம் ஓட்டினார்கள். 2024இல் அதையும் நிறுத்தினார்கள்.

#6 பனியன்கடை

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும், நான் கம்ப்யூட்டர் ஆள் இல்ல. திருப்பூர்ல கடை. பூட்டுப் படம் இருந்தா தைரியமா கார்டு நம்பர் போடலாம்னுதானே சொல்லி வச்சிருக்காங்க? போன மாசம் "இன்னைக்கு ராத்திரி உங்க கரண்ட் கட் ஆகும்"னு மெசேஜ் வந்து, அதுல இருந்த லிங்க்கைத் திறந்தா பூட்டு அழகா இருக்கு! நல்லவேளை, என் பொண்ணு பாத்துட்டு வேண்டாம்னு சொல்லிடுச்சு. திருடனுக்கு எப்படிங்க பூட்டு கொடுக்குறாங்க?

#7 வேம்பன் (சென்னை)

அண்ணே, உங்க பொண்ணுக்கு ஒரு சல்யூட்.

பூட்டுக்கு ஒரே அர்த்தம்தான்: மேலே எழுதியிருக்கிற முகவரி யாரோடதோ அவரோடுதான் பேசுகிறீர்கள், நடுவில் யாரும் ஒட்டுக்கேட்கவில்லை. அந்த முகவரிக்காரர் யோக்கியரா என்று சான்றிதழ் சொல்லாது. மின்வாரியம் மாதிரி ஒலிக்கும் ஒரு பெயரைத் திருடன் பதிவு செய்தால், அந்தப் பெயர் அவனுடையதுதான், அவனுக்கும் சான்றிதழ் கிடைக்கும். இந்தக் குழப்பத்துக்காகவே குரோம் 2023இல் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டு வேறு சின்னம் போட்டது. கம்பெனி பெயரைப் பச்சையில் காட்டிய விலை உயர்ந்த சான்றிதழ்களுக்கும் 2019லேயே முகவரிப் பட்டியில் இடம் போய்விட்டது.

நீங்கள் பார்க்க வேண்டியது முகவரியில், தொடக்கத்து https:// போக, முதல் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக இருக்கும் பெயர். மெசேஜில் வரும் லிங்க் வழியாகப் பணம் கட்டவே கட்டாதீர்கள், அதுதான் சுருக்கமான வழி.

#8 நெல்லைச்சீமை

யாழ்மொழி அம்மா சொன்ன செருகல் விஷயம் யோசிக்க வைக்கிறது. ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் இன்னொரு பக்கம் இருக்கிறது. என் தளத்தை உலகம் நம்பலாமா கூடாதா என்று முடிவு செய்வது அமெரிக்காவில் இருக்கும் நாலு கம்பெனி. அவர்களின் பட்டியலில் இல்லாத நிறுவனம் கொடுக்கும் சான்றிதழ் வெறும் காகிதம். நம் அரசுக்கே சான்றிதழ் வழங்கும் அதிகாரம் சட்டப்படி இருக்கிறதே, அது ஏன் பிரவுசரில் செல்லாது?

#9 யாழ்மொழி

நல்ல கேள்வி. அதற்குப் பதில் 2014 ஜூலையில் இருக்கிறது.

இந்திய அரசின் சான்றளிப்புக் கட்டுப்பாட்டாளரின் கீழ் என்ஐசிக்கு (தேசிய தகவலியல் மையம்) இடைநிலைச் சான்றிதழ், அதாவது ரூட்டின் சார்பில் தளங்களுக்குச் சான்றிதழ் கொடுக்கும் அதிகாரம், இருந்தது. அங்கிருந்து கூகுளின் முகவரிகள் சிலவற்றுக்கு, கூகுள் கேட்காமலே, சான்றிதழ்கள் வெளியாகின. ஜூலை 2இல் கூகுள் அதைக் கவனித்தது. கட்டுப்பாட்டாளரின் ரூட் அப்போது மைக்ரோசாஃப்ட் பட்டியலில் இருந்தது. ஆகவே விண்டோஸில் அந்தச் சான்றிதழ்கள் செல்லுபடியாயின. மொசில்லா பட்டியலில் அது இல்லாததால் ஃபயர்பாக்ஸுக்குப் பாதிப்பு இல்லை. என்ஐசியின் சான்றிதழ்கள் ரத்தாகின. அதோடு, அந்த ரூட்டை அரசு, கல்வி முகவரிகளும் இன்னும் சிலவும் அடங்கிய சின்ன வட்டத்துக்குள் மட்டும் ஏற்பதாகக் கூகுள் அறிவித்தது. இன்றைக்கும் இந்திய அரசுத் தளங்கள் பலவற்றில் சான்றிதழைத் திறந்து பாருங்கள், வெளிநாட்டு நிறுவனத்தின் பெயர் இருக்கும்.

இது ஒரு நாட்டின் பிரச்சினை மட்டும் இல்லை. 2011இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் நிறுவனத்துக்குள் ஒருவன் புகுந்து கூகுள் பெயரில் போலிச் சான்றிதழ் எடுத்தான். ஈரானில் ஜிமெயில் பார்த்தவர்களை ஒட்டுக்கேட்க அது பயன்பட்டது. அந்த நிறுவனம் அதே ஆண்டு செப்டம்பரில் திவாலானது. இந்த ஏற்பாட்டின் அடிப்படைக் கோளாறு இதுதான்: பட்டியலில் இருக்கும் எந்த நிறுவனமும் எந்தத் தளத்துக்கும் சான்றிதழ் கொடுக்க முடியும். அதனால்தான் வழங்கும் ஒவ்வொரு சான்றிதழையும் பொதுப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று வந்தது. 2018 ஏப்ரல் 30க்குப் பிறகு வழங்கிய சான்றிதழ் பதிவேட்டில் இல்லாவிட்டால் குரோம் ஏற்காது. உங்கள் தளத்தின் பெயரில் யார் எப்போது சான்றிதழ் எடுத்தார்கள் என்று நீங்களே தேடிப் பார்க்கலாம்.

நாலு கம்பெனி என்ற வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் 2019இல் கஜகஸ்தான் அரசு, தன் ரூட்டை எல்லோரும் போனில் நிறுவ வேண்டும் என்று சொல்லி மக்களின் போக்குவரத்தைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கியபோது, அந்த ரூட்டை முடக்கியதும் அதே கம்பெனிகளில் மூன்றுதான்.

#10 மட்டுறுத்துநர்

சான்றிதழ் விற்பனை விளம்பரம் போட்ட ஒரு பதிவு நீக்கப்பட்டது. இழை நன்றாகப் போகிறது, தொடருங்கள்.

#11 மலைக்கோட்டை (திருச்சி)

சான்றிதழ் மாத்துற வேலை எங்க உதைக்கும்னு ஒரு சம்பவம் சொல்றேன். ஒரு கல்லூரி, அட்மிஷன் நேரம். ஃபீஸ் கட்டுற பக்கம் லேப்டாப் குரோம்ல அருமையா திறக்குது. அவங்க ஆண்ட்ராய்டு ஆப்ல மட்டும் 'இணைப்பு தோல்வி'. ஆப் எழுதுனவர் செர்வர்காரரைக் கை காட்டுறார், செர்வர்காரர் "என் ஸ்க்ரீன்ல நல்லாத்தான் வருது"ங்குறார். வரிசைல நிக்கிற பெத்தவங்களுக்கு வேர்த்து ஊத்துது.

ஓப்பன்எஸ்எஸ்எல் கருவியால செர்வரைத் தட்டிப் பாத்தா, சங்கிலியில சான்றிதழ் ஒண்ணே ஒண்ணுதான் வருது. தளத்தோட சான்றிதழ் மட்டும். அதுல கையெழுத்துப் போட்ட இடைநிலைச் சான்றிதழ் சேர்ந்து வரணும், வரல. லேப்டாப் குரோம் விடுபட்டதைத் தானே தேடி எடுத்துக்கும். ஆப் அந்த வேலை செய்யாது, கையில கொடுத்ததை மட்டும்தான் பார்க்கும். முந்தின நாள் புதுச் சான்றிதழ் போட்டவர் 'ஃபுல்செயின்' கோப்புக்குப் பதிலா 'செர்ட்' கோப்பைக் காட்டியிருந்தார். ஒரே வரி மாத்தம், ரீலோட், முடிஞ்சது.

வருஷத்துக்கு ஒருக்கா கையால செஞ்சாலே இப்படி. 47 நாளுக்கு ஒருக்கா கையால செஞ்சா?

#12 கொங்குதறி (கரூர்)

எல்லாருக்கும் நன்றி. நியாயம் புரிஞ்சுது. இப்ப வேலைக்கு வருவோம். காசு கொடுத்து வாங்குறதும் இலவசமும் ஒண்ணுதானா? கூட்டுறவுச் சங்கத்துக்கு ஆடிட்டர் "கம்பெனி பேர் போட்ட சான்றிதழ்தான் வேணும்"னு அடம்பிடிக்கிறார்.

#13 வேம்பன் (சென்னை)

மறைகுறியாக்கம் இரண்டிலும் ஒன்றேதான். காசுக்கு வாங்குவதில் பெயர் சரிபார்ப்பும், போன் போட்டால் எடுக்க ஒரு ஆளும் கிடைக்கும். ஆடிட்டர் கேட்டால் கொடுத்துவிடுங்கள், சண்டை போட்டு லாபமில்லை. ஆனால் 200, 100, 47 எல்லோருக்கும் பொது. காசு கொடுத்தாலும் ஆயுள் கூடாது. பெரிய நிறுவனங்கள் பலவற்றிடம் ஆக்மி என்ற நெறிமுறை வழியாகத் தானாகப் புதுப்பிக்கும் வசதி இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

உங்கள் தளங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். சிபேனலில் இருப்பவற்றுக்கு அதிலேயே இருக்கும், தானாகப் புதுப்பிக்கும் ஆட்டோஎஸ்எஸ்எல் வசதி போதும். சில ஹோஸ்டிங்காரர்கள் சான்றிதழ் விற்பதற்காகவே அதை அணைத்து வைத்திருப்பார்கள். கேட்டும் திறந்துவிடவில்லை என்றால் வேறு இடம் பாருங்கள், இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. லினக்ஸ் செர்வருக்கு அதே வேலையைச் செய்யும் செர்ட்பாட் நிரல். அந்த விண்டோஸ் செர்வருக்கு வின்-ஆக்மி. ஆபீஸுக்குள்ளேயே ஓடும் விரல்ரேகைக் கருவி, கேமரா மாதிரி விஷயங்களை இதில் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். சொந்தமாக ஒரு உள் ரூட் வைத்துக்கொண்டால் இந்த விதி அதைத் தொடாது.

செர்ட்பாடில் வழக்கமாக மாட்டிக்கொள்ளும் இடங்கள் எனக்குத் தெரிந்து மூன்று. பாதுகாப்பு என்று சொல்லி யாராவது ஃபயர்வாலில் 80ஆம் போர்ட்டை (எச்டிடிபி வரும் வாசல்) மூடிவிடுவார்கள். லெட்ஸ் என்க்ரிப்ட் வழக்கமாகச் சரிபார்க்க வருவது அந்த வழியாகத்தான், புதுப்பிப்பு சத்தமில்லாமல் நின்றுபோகும். அடுத்தது இன்னும் நைச்சியமானது: புதுச் சான்றிதழ் டிஸ்க்கில் வந்து உட்கார்ந்திருக்கும், பக்கங்களைப் பரிமாறும் செர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸ் மட்டும் பழையதையே நினைவில் வைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கும். கோப்பைத் திறந்து தேதி பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும், வாசகருக்குச் சிவப்புப் பக்கம் வரும். புதுப்பித்த பின் தானாக ரீலோட் செய்யும் கட்டளையை (ஹூக்) கட்டாயம் போடுங்கள். மூன்றாவது, சோதனை செய்கிறேன் என்று நிஜ செர்வரையே திரும்பத் திரும்பத் தட்டுவது. ஒரே பெயர்த் தொகுதிக்கு வாரம் 5 சான்றிதழ்தான், அப்புறம் காத்திருக்க வேண்டியதுதான். டிரை-ரன் என்ற ஒத்திகை வசதி அதற்குத்தான் இருக்கிறது.

முக்கியமான ஒன்று: காலாவதி ஆகப்போகிறது என்று லெட்ஸ் என்க்ரிப்ட் மெயில் அனுப்பிக்கொண்டிருந்ததை 2025 ஜூனில் நிறுத்திவிட்டார்கள். ஆகவே வெளியில் இருந்து தேதியைப் பார்த்து எச்சரிக்கும் ஒரு கண்காணிப்பு உங்களிடம் இருக்க வேண்டும். டிஸ்க்கில் இருப்பதைப் பார்க்கக் கூடாது, செர்வர் என்ன கொடுக்கிறதோ அதைத்தான் பார்க்க வேண்டும்.

#14 செர்வர்சாமி

2026 மார்ச் 14ஆம் தேதி ராத்திரி வாங்கிப் போட்டா 398 நாள் தள்ளலாம்ல?

#15 வேம்பன் (சென்னை)

தள்ளலாம், சட்டப்படி சரி. ஏற்கெனவே வாங்கியது அதன் தேதி வரை செல்லும். ஆனால் கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள், நிறுவனங்கள் கடையை முன்னாலேயே சாத்திவிடும். 2029க்குள் டொமைன் சரிபார்ப்பும் 10 நாளுக்குத்தான் செல்லும். டொமைன் தங்களுடையது என்று காட்ட, டிஎன்எஸ்ஸில் (டொமைன் பெயர்களுக்கான பதிவேடு) கையால் டிஎக்ஸ்டி பதிவை ஒட்டி ஒட்டி எடுப்பவர்களுக்கு அப்போது போக்கிடம் இல்லை.

#16 நெல்லைச்சீமை

நான் எடுத்த முடிவு: எச்டிடிபிஎஸ் போடுகிறேன். ஆனால் எச்டிடிபியை மூட மாட்டேன், அங்கிருந்து இங்கே தள்ளியும் விடமாட்டேன், இனி எச்டிடிபிஎஸ்ஸில் மட்டுமே வா என்று பிரவுசருக்குச் சொல்லும் எச்எஸ்டிஎஸ்ஸும் போட மாட்டேன். புது பிரவுசர் தானே பாதுகாப்பான வழியை முதலில் முயலும். 2026 அக்டோபரில் வரும் என்று கூகுள் அறிவித்த குரோம் 154இல் இருந்து, எச்டிடிபிஎஸ் இல்லாத பொதுத் தளத்துக்குள் நுழையும் முன் அனுமதி கேட்கப் போகிறார்களாம். அந்தக் குரோம் ஓடாத பழைய போன்காரர் பழைய வழியிலேயே வந்து படித்துவிட்டுப் போகட்டும்.

#17 யாழ்மொழி

லாகின் இல்லாத வாசிப்புத் தளத்துக்கு இது ஏற்கக்கூடிய சமரசம் என்றே நினைக்கிறேன் ஐயா. பழைய வழியில் வருகிறவர்களுக்குச் செருகல் ஆபத்து அப்படியேதான் இருக்கும், அதை நீங்கள் தெரிந்தே ஏற்கிறீர்கள். ஒன்று மட்டும்: பக்கத்துக்குள் இருக்கும் படங்களின் முகவரியில் எச்டிடிபி என்று முழுசாக எழுதியிருந்தால் மாற்றிவிடுங்கள். எச்டிடிபிஎஸ் பக்கத்துக்குள் அவை வந்தால் பிரவுசர் முகம் சுளிக்கும். கொங்குதறியின் பள்ளி, சங்கத் தளங்களுக்கு இந்தச் சமரசம் கூடவே கூடாது.

#18 கொங்குதறி (கரூர்)

சரிங்க மேடம், அங்கெல்லாம் முழுசா எச்டிடிபிஎஸ்தான். பில்லுல சான்றிதழ் வரியை எடுத்துட்டு, வருஷப் பராமரிப்புல சேர்த்துடலாம்னு இருக்கேன். கண்காணிப்பும் அதுலயே அடக்கம்.

மிச்சம் அந்த மச்சான் கேஸ். டொமைன் பேனல் பாஸ்வேர்டைத் தர மாட்டேங்குறார். தளத்துக்கும் துணை டொமைன்களுக்கும் சேர்த்து ஒரே சான்றிதழ், அதான் வைல்டுகார்டு, வேணும், டிஎன்எஸ் வழிதான் ஒரே வழி. என்ன பண்ண?

#19 வேம்பன் (சென்னை)

பாஸ்வேர்டே வேண்டாம். அவரை ஒரே ஒரு சிநேம் பதிவு (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குத் திருப்பும் டிஎன்எஸ் பதிவு) போடச் சொல்லுங்கள். ஆக்மி சரிபார்ப்புக்கான துணைப்பெயர் மட்டும் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும் ஒரு டொமைனுக்குத் திரும்பும். அதற்குப் பிறகு ஒவ்வொரு புதுப்பிப்பிலும் டிஎக்ஸ்டி பதிவு உங்கள் டொமைனில்தான் மாறும், அவர் பேனலைத் தொடவே வேண்டியதில்லை. உங்கள் டொமைனை ஏபிஐ (நிரல் வழியாகவே பதிவை மாற்றும் வசதி) இருக்கும் டிஎன்எஸ் சேவையில் வையுங்கள்.

#20 கொங்குதறி (கரூர்)

இது தெரியாமப் போச்சே! இன்னொண்ணு, அந்த டொமைன்ல சிஏஏ பதிவு (எந்த நிறுவனம் சான்றிதழ் கொடுக்கலாம்னு சொல்றது) ஒண்ணு இருக்கு, பழைய சான்றிதழ் நிறுவனம் பேர்ல. அதை என்ன பண்றது?

#21 வேம்பன் (சென்னை)

அது இருந்தால் மற்ற நிறுவனங்கள் கொடுக்க மறுத்துவிடும். லெட்ஸ் என்க்ரிப்டின் பெயரை இன்னொரு பதிவாகச் சேர்க்கச் சொல்லுங்கள். வைல்டுகார்டுக்குத் தனி வகைப் பதிவு ஏதாவது ஏற்கெனவே போட்டிருந்தால் அதிலும் சேர்க்க வேண்டும், பலர் கோட்டைவிடுவது அங்கேதான். பழையதை இப்போது அழிக்க வேண்டாம், காசு கொடுத்த சான்றிதழ் முடியட்டும். சிநேம் கேட்கும்போதே இதையும் சேர்த்து அனுப்பிவிடுங்கள், அவரை இரண்டு தடவை தேட வேண்டாம்.